ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டரை சிலா எண்ணெய்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஒரு ரேஷன் கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஜெர்மானிய அகழாய்வாளர் ராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். நேபுகாத்நேச்சார் மன்னனின் தெற்கு அரண்மனைப் பகுதியில், வளைவுக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் நிறைய களிமண் பலகைகள் கிடைத்தன. எல்லாம் ஆப்பெழுத்து. காவியம், சாசனம்னு பெருசா எதுவும் இல்லை. அரண்மனை ஸ்டோர் குமாஸ்தா எழுதி வைத்த கணக்கு. யாருக்கு எவ்வளவு எண்ணெய் கொடுத்தோம் என்ற பட்டியல். அஸ்கலோன்காரன், தீருவைச் சேர்ந்தவன், எகிப்தியன், ஏலாமியன்னு பல ஊர்க் கைதிகளும் கைவினைஞர்களும் அதில் வருகிறார்கள். எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற அறிஞர் இதைப் படித்து 1939ல் வெளியிட்டார்.

அதில் ஒரு பலகை கி.மு. 592ஐச் சேர்ந்தது. அதில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீன் பேர் இருக்கிறது. அவனுக்குக் கொடுத்த எண்ணெய் இருக்கிறது. அதற்கடுத்து, அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கு மொத்தமாக இரண்டரை சிலா. ஒரு சிலா என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஆளுக்கு அரை லிட்டர்கூட இல்லை.

இதில் என்ன பெரிய விசேஷம்னு கேட்கலாம். இருக்கு. இந்த யோயாக்கீனைப் பற்றித்தான் எரேமியா தீர்க்கதரிசி, இவனைப் பிள்ளையில்லாதவன் என்று எழுதி வையுங்கள் என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார் (எரேமியா 22). இங்கே பார்த்தால் ஐந்து பிள்ளைகளுக்கு எண்ணெய் போயிருக்கு! ஏற்கெனவே நானூறு வருஷமா ஒரு வாக்குறுதி அந்தக் குடும்பத்தின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. உன் வம்சம் என்றைக்கும் சிம்மாசனத்தில் இருக்கும்னு கடவுளே தாவீதுக்குச் சொன்னதாக அவர்கள் நம்பிய வாக்கு. அந்த வாக்கின் கடைசி வாரிசு எதிரியின் ஊரில் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறான்.

அப்போ வாக்கு பொய்யா? இந்தக் கேள்வியை இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஜனக்கூட்டம் எப்படி எதிர்கொண்டது என்பதுதான் இந்தப் பதிவு. பிரசங்கம் இல்லை, பயப்படாதீங்க :-)

உடன்படிக்கையை 'வெட்டுவது'

எபிரேய மொழியில் உடன்படிக்கைக்கு 'பெரீத்' என்று பேர். (நம்ம ஊரில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறோமே, அந்த 'ஏற்பாடு' என்கிற வார்த்தைக்குப் பின்னால் இருப்பதும் இந்த பெரீத்தான்.) நாம் ஒப்பந்தம் 'போடுவோம்', 'செய்வோம்'. அவர்கள் 'வெட்டுவார்கள்'. உடன்படிக்கையை வெட்டுவது என்பதுதான் எபிரேய வழக்கு.

ஏன் வெட்டு? ஆதியாகமம் 15ல் அந்தக் காட்சி இருக்கிறது. கர்த்தர் சொன்னபடி ஆபிராம் ஒரு கிடாரியையும் ஒரு வெள்ளாட்டையும் ஒரு ஆட்டுக்கடாவையும் கொண்டுவந்து இரண்டு இரண்டாகப் பிளந்து எதிரும் புதிருமாக வைக்கிறார். இருட்டியபிறகு புகைகிற சூளையும் ஒரு தீப்பந்தமும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே கடந்து போகின்றன. சின்ன வயசில் கேட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காலத்து மேற்கு ஆசிய ஒப்பந்தங்களைப் பார்த்தால் அர்த்தம் புரியும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் ஐந்தாம் அசூர்நிராரிக்கும் அர்ப்பாத் சிற்றரசன் மாத்தியேலுக்கும் நடந்த ஒப்பந்தத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வருகிறது. இந்தத் தலை ஆட்டின் தலை அல்ல, ஒப்பந்தத்தை மீறினால் மாத்தியேலின் தலை என்கிற தொனியில் விளக்கமும் வருகிறது. சிரியாவில் கிடைத்த செஃபீரே கல்வெட்டுகளில், அதே மாத்தியேலுக்கு, கன்றுக்குட்டியைப் பிளப்பது போல நீயும் பிளக்கப்படுவாய் என்கிற சாபம். எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் பிளந்த கன்றுக்குட்டியின் நடுவே நடந்துபோன எருசலேம் பெரிய மனுஷர்கள் வருகிறார்கள்.

ஆக, நடுவில் நடக்கிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். மீறினால் எனக்கும் இதே கதி என்று ஒத்துக்கொள்கிறான்.

இப்போ ஆதியாகமம் 15ஐத் திரும்பப் பாருங்க. ஆபிராம் நடக்கவே இல்லை. அயர்ந்து தூங்குகிறார். நடுவில் போவது தீப்பந்தம் மட்டும், அதாவது கடவுளின் தரப்பு மட்டும். வழக்கமாக பலமான பார்ட்டி பலவீனமான பார்ட்டியைத்தான் சாபத்துக்குள் இழுத்துவிடும். இங்கே தலைகீழ். இந்தக் கதையை எழுதினவருக்கு சமகாலத்து ஒப்பந்தச் சட்டம் நல்லாத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சே மாத்தியிருக்கார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வகை அக்ரிமெண்ட்

எல்லா உடன்படிக்கையும் இப்படி ஒருதலைப்பட்சமானது இல்லை. சீனாய் மலை உடன்படிக்கை கண்டிப்பான இருதரப்பு ஒப்பந்தம். செய்தால் ஆசீர்வாதம், செய்யாவிட்டால் சாபம். உபாகமம் 28ஐப் படித்தால் சாபங்களின் பட்டியலே தலைசுற்றும். மழை பெய்யாத வானம் வெண்கலமாகவும் பூமி இரும்பாகவும் ஆகிவிடும் என்கிற உருவகம் அதில் உண்டு. அசீரிய மன்னன் எசரத்தோன் கி.மு. 672ல் தன் மகன் அசூர்பனிபாலுக்கு விசுவாசமாக இருக்கச் சொல்லி சிற்றரசர்களிடம் வாங்கிய ஒப்பந்தத்திலும் கிட்டத்தட்ட இதே சாபம் இருக்கிறது. அதன் பிரதிகள் 1955ல் நிம்ருத்தில் கிடைத்தன. 2009ல் துருக்கியின் தெல் தாயினாத்தில் ஒரு கோவிலுக்குள்ளேயே இன்னொரு பிரதி கிடைத்தது. யூதா ராஜா மனாசே எசரத்தோனுக்குக் கப்பம் கட்டியவன். அதனால் எருசலேமிலும் ஒரு பிரதி இருந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

இது சரியாக இருந்தால், இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. பேரரசன் கேட்ட விசுவாசப் பிரமாணத்தின் வடிவத்தையே எடுத்து, அந்த இடத்தில் பேரரசனுக்குப் பதிலா கர்த்தரை வைக்கிறார்கள். எங்கள் எஜமான் நீ இல்லைடா என்று ஒப்பந்த மொழியிலேயே சொல்வது.

இரண்டாவது வகை, தாவீதுக்குக் கொடுத்தது. 2 சாமுவேல் 7ல், தாவீது கடவுளுக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறார். நாத்தான் தீர்க்கதரிசி மூலமாகப் பதில் வருகிறது: நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீடு கட்டுகிறேன். எபிரேயத்தில் 'பயித்' என்றால் வீடு, கோவில், வம்சம் எல்லாம்தான். (நாமும் 'வீட்டுக்கு விளக்கேத்த ஒரு பிள்ளை' என்கிறோமே, அந்த மாதிரி.) உன் பிள்ளைகள் தப்பு செய்தால் அடிப்பேன், ஆனால் என் கிருபையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கும் இணை உண்டு. ஹித்தியப் பேரரசர் ஒருவர் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் உல்மி-தேஷுப் என்பவனுக்குக் கொடுத்த சாசனத்தில், உன் சந்ததியில் யாராவது தப்பு செய்தால் தண்டிக்கலாம், ஆனால் வீட்டையும் நிலத்தையும் உன் வம்சத்திடமிருந்து பிடுங்கக்கூடாது என்கிற ஷரத்து இருக்கிறது. மோஷே வைன்ஃபெல்ட் 1970ல் இதைச் சுட்டிக்காட்டி, சீனாய் என்பது சிற்றரசன் ஒப்பந்தம், ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுத்தது ராஜமானியம் என்று பிரித்தார். அந்தப் பிரிவு அவ்வளவு சுத்தமாக இல்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அதுவும் நியாயம்தான். சங்கீதம் 132ல் தாவீதின் வாக்குக்கே ஒரு 'ஆனால்' போட்டிருக்கிறது, பிள்ளைகள் ஒழுங்காக இருந்தால்தான் என்று.

ஒரே புத்தகத்துக்குள்ளே இரண்டு வெர்ஷன். நிபந்தனை உண்டு, நிபந்தனை இல்லை. இதைத் திருத்தி ஒரே மாதிரி ஆக்காமல் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் இந்த முரண்பாடு யாரையும் உறுத்தாது. ஊர் எரிகிற அன்றைக்குத்தான் உறுத்தும்.

தப்பித்ததால் வந்த வினை

வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில் சுமார் 200 வருஷத்தில் 19 ராஜாக்கள், பல பேர் முந்தினவனைக் கொன்றுவிட்டு வந்தவர்கள். கி.மு. 722 வாக்கில் அசீரியா அதை முடித்துவிட்டது. தெற்கே யூதாவில் மட்டும் ஒரே தாவீது குடும்பம். இடையில் ஒரு தடவை அத்தாலியாள் என்ற ராணி ராஜகுலத்தையே வெட்டிப்போட்டாள். யோவாஸ் என்ற கைக்குழந்தை மட்டும் அத்தையால் ஒளித்துவைக்கப்பட்டு ஆறு வருஷம் கோவிலுக்குள் வளர்ந்தது என்கிறது 2 இராஜாக்கள் 11. அவ்வளவு மெல்லிய நூல். ஆனா அறுபடலை. 1993ல் தெல் தாணில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அராமேயக் கல்வெட்டில், எதிரி ராஜாவே அந்த நாட்டை 'தாவீதின் வீடு' என்றுதான் குறிப்பிடுகிறான்.

கி.மு. 701ல் அசீரிய மன்னன் சனகெரிப் வந்தான். யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்தேன், எசேக்கியா ராஜாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவை மாதிரி அடைத்தேன் என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. பெரும் கப்பம் வாங்கிக்கொண்டு போனான். ஊர் தப்பித்தது.

ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. ஒரு தடவை தப்பித்தவனுக்கு, எப்போதும் தப்பிப்போம்னு நினைப்பு வந்துவிடும். புரொடக்‌ஷனில் ஒரு தடவை பேக்கப் இல்லாமல் தப்பித்தவன் அடுத்த தடவையும் பேக்கப் எடுக்க மாட்டான் :-) நூறு வருஷம் கழித்து எருசலேமில் அதுதான் நடந்தது. கோவில் இங்கே இருக்கு, தாவீதின் பிள்ளை இங்கே இருக்கான், நமக்கு ஒண்ணும் ஆகாது. வாக்குறுதியை இன்ஷூரன்ஸ் பாலிசி ஆக்கிவிட்டார்கள்.

எரேமியா கோவில் வாசலிலேயே நின்று கொண்டு, இந்தக் கட்டடத்தை நம்பாதீர்கள், சீலோவில் முன்னாடி கர்த்தருக்கு இருந்த இடம் என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்கள் என்றார் (எரேமியா 7). பரதேசியையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து ஒளிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா என்பது அவர் கேள்வி. இதுக்காக அவரைக் கொல்லப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

கி.மு. 597, மார்ச் 16. பாபிலோனிய நாளாகமப் பலகையில் மாதமும் தேதியும் இருப்பதால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். ராஜாவைச் சிறைபிடித்து, தனக்குப் பிடித்த ஒருவனை அங்கே உட்காரவைத்தான் என்கிறது பலகை. பிடிபட்டது நம்ம யோயாக்கீன். பதினெட்டு வயசு, மூன்று மாசம்தான் ஆட்சி. (அப்பா பேர் யோயாக்கீம், பிள்ளை யோயாக்கீன். ஒரு எழுத்து தட்டச்சில் மாறினால் வரலாறே போச்சு.) உட்காரவைத்தது சித்தப்பா சிதேக்கியாவை.

நாலு வருஷம் கழித்து ஒரு காட்சி. அனனியா என்றொரு தீர்க்கதரிசி கோவிலில் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: இரண்டே வருஷம், யோயாக்கீனும் கோவில் பாத்திரங்களும் திரும்பி வந்துவிடும். எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பாபிலோனுக்கு அடங்கி இருங்கள் என்பதற்கு அடையாளம். அனனியா அதைப் பிடுங்கி உடைத்துப்போடுகிறார்.

கூட்டம் யார் பக்கம் இருந்திருக்கும்? நான் இருந்திருந்தால் நிச்சயம் அனனியா பக்கம்தான். அவர் சொல்வதுதானே தாவீதின் உடன்படிக்கைக்கு ஏற்றது? கடவுள் வாக்கு மாறமாட்டார், ஆகவே சீக்கிரம் சரியாகிவிடும். லாஜிக் பக்கா. எரேமியாவோ பாபிலோனில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊருக்காகவே பிரார்த்தனை செய்யுங்கள், எழுபது வருஷம் ஆகும் (எரேமியா 29). அதைக் கேட்கிற நாற்பது வயசு ஆளுக்கு என்ன அர்த்தம்? நீ பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

இரண்டு பேருமே கடவுள் உண்மையுள்ளவர் என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் கடவுளின் உண்மையை நம் அவசரத்துக்குள் அடைக்கிறார். இன்னொருவர் அதை நம் ஆயுசைவிடப் பெரிதாகப் பார்க்கிறார்.

எரிந்த ஊரில் வாங்கிய நிலம்

கி.மு. 586ல் (587 என்பாரும் உண்டு) எல்லாம் முடிந்தது. சிதேக்கியா கலகம் செய்ய, முற்றுகை, பஞ்சம், தீ. ஓடிப்போன சிதேக்கியாவைப் பிடித்து, கண்ணெதிரே பிள்ளைகளைக் கொன்று, பிறகு கண்களைப் பிடுங்கினார்கள். கோவில் எரிந்தது. தாவீது நகர் பகுதியில் யிகால் ஷீலோ 1982ல் தோண்டியபோது ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த பத்திரங்கள் எல்லாம் சாம்பல். ஆனா அதே தீயில் களிமண் சுட்டு கெட்டியாகி முத்திரைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அதில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பேர். எரேமியாவின் சுருளை ராஜா எரித்தபோது, எரிக்காதீர்கள் என்று கெஞ்சியவர்களில் ஒருவருக்கும் அதே பேர்தான்.

அந்தக் காலத்து வழக்கப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான். பாபிலோனின் தெய்வம் மர்துக் ஜெயித்தார், யூதாவின் தெய்வம் தோற்றார். கேஸ் க்ளோஸ். எத்தனையோ ஊர் தெய்வங்கள் அப்படித்தான் காணாமல் போயின. இங்கே அது நடக்கவில்லை. என்ன செய்தார்கள்?

ஒரு சாரார், தப்பு எங்களுடையது என்றார்கள். இராஜாக்களின் புத்தகம் முழுக்க இதுதான் வாதம். சீனாய் ஒப்பந்தத்தை மீறினோம், ஷரத்துப்படி சாபம் வந்தது. அதாவது கடவுள் வாக்கு தவறவில்லை. சொன்னபடி தண்டித்ததே அவர் உண்மையுள்ளவர் என்பதற்குச் சாட்சி.

இது ஒரு பக்கம் ஆறுதல். காரணம் இருக்கிறது என்பதே ஒரு பிடிமானம். இன்னொரு பக்கம் கொடூரம். பட்டினியில் செத்த குழந்தை எந்த ஷரத்தை மீறியது?

அதனால்தான் இன்னொரு குரலும் அதே புத்தகத்தில் இருக்கிறது. சங்கீதம் 89. முதல் பாதி தாவீதின் உடன்படிக்கையைப் புகழ்ந்து தள்ளும். சந்திரன் இருக்கிறவரை அந்த வம்சம் இருக்கும் என்கிற அளவுக்கு. 38ஆம் வசனத்தில் அப்படியே திரும்பும். நீர்தான் உடன்படிக்கையை உதறினீர், கிரீடத்தைத் தரையில் தள்ளினீர், சத்தியம் செய்த அந்தக் கிருபை எங்கே என்று கடவுளை நேருக்கு நேராகக் கேட்கும். அதற்குப் பதில் வராது. ஒரு வரி ஸ்தோத்திரத்தோடு சங்கீதங்களின் மூன்றாம் பாகமே முடிந்துவிடும்.

ஒப்பந்தத்தை நம்புகிறவன்தான் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடுவான். நம்பாதவன் எழுந்து போய்விடுவான். இந்தச் சங்கீதத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன். அதைத் தணிக்கை செய்யாமல் வழிபாட்டுப் பாட்டுப் புத்தகத்திலேயே சேர்த்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மூன்றாவது, எரேமியாவின் வழி. முற்றுகை நடக்கும்போது, காவல் முற்றத்தில் கைதியாக இருந்துகொண்டு, சித்தப்பா மகனிடம் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி. நிலம் இருக்கும் இடமோ எதிரியின் கையில். சாட்சிக் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நீண்ட நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார் (எரேமியா 32). எல்லாம் போகும், போகும் என்று நாற்பது வருஷம் சொன்ன மனுஷன், போகிற அன்றைக்கு ரிஜிஸ்திரேஷன் செய்கிறார்!

கழுத்தில் தொங்கிய வெள்ளிச் சுருள்

பெரிய தீர்க்கதரிசிகளை விடுங்க. சாதாரண ஜனங்கள் என்ன நினைத்தார்கள்?

1979ல் காப்ரியேல் பர்க்காய் எருசலேமின் கேதேப் இன்னோம் பகுதிக் கல்லறையில் இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்களைக் கண்டுபிடித்தார். விரித்தால் பெரியது பத்து செ.மீ.கூட நீளம் வராது, சின்னது நாலு செ.மீ. நம்ம ஊர் தாயத்து மாதிரி கழுத்தில் கட்டிக்கொள்வது. உடையாமல் விரிக்கவே வருஷக்கணக்கில் ஆனது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 6ஆம் நூற்றாண்டின் ஆரம்பம், அதாவது எருசலேம் விழுவதையொட்டிய காலம் என்கிறார்கள். இரண்டிலும் எண்ணாகமம் 6ல் வரும் ஆசாரியர்களின் ஆசீர்வாதத்தை ஒட்டிய வரிகள். பெரிய சுருளில் கூடுதலாக, தம்மை நேசிக்கிறவர்களுக்கு உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிற கடவுள் என்கிற பொருளில் ஒரு வாசகம். இதே மாதிரி வாசகம் உபாகமம் 7லும் நெகேமியா 1லும் உண்டு.

யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ கட்டியிருந்தது. அவர்களுக்கு 2 சாமுவேலுக்கும் சீனாய்க்கும் உள்ள சட்ட நுணுக்கம் தெரிந்திருக்குமா என்ன? வாக்கைக் காப்பாற்றுகிற ஒருவர் இருக்கிறார், அவர் பேர் என் கழுத்தில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

மோதிரம் திரும்பி வந்தது, ஆனால்...

யோயாக்கீன் கதைக்கு வருவோம். முப்பத்தேழு வருஷம் கழித்து, கி.மு. 561 வாக்கில், புது பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து விடுவித்து, உடை மாற்றி, தன் பந்தியில் உட்காரவைக்கிறான். பதினெட்டில் போனவனுக்கு இப்போ ஐம்பத்தைந்து. இராஜாக்களின் புத்தகம் இந்த இடத்தில் முடிகிறது. கர்த்தர் வாக்கு நிறைவேறியது என்று எந்த முழக்கமும் இல்லை. தாவீதின் பிள்ளைக்குத் தினமும் சாப்பாடு கிடைத்தது, அவ்வளவுதான் தகவல். எழுதினவருக்கும் அடுத்து என்ன ஆகும்னு தெரியாது போல. விளக்கு இன்னும் அணையலை என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்.

கி.மு. 539ல் பாரசீகக் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். 1879ல் கிடைத்த அவனுடைய களிமண் உருளை, பல ஊர்த் தெய்வங்களை அவரவர் கோவிலுக்குத் திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறது. (அதில் யூதாவின் பேர் இல்லை. இருக்கிறதா எழுதுறவங்களை நம்பாதீங்க.) திரும்பி வந்த கூட்டத்தின் தலைவன் செருபாபேல். 'பாபிலோனின் வித்து' என்று அர்த்தம் வரும் பேர். யோயாக்கீனின் பேரன்.

எரேமியா, யோயாக்கீன் என் வலது கை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று கடவுள் சொன்னதாகப் பேசியிருந்தார். கி.மு. 520ல் ஆகாய் தீர்க்கதரிசி செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கடவுள் சொல்வதாக முடிக்கிறார். அதே மோதிரம்! வேண்டுமென்றேதான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார். கோவில் கி.மு. 515ல் கட்டி முடிந்தது. விழுந்ததிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட எழுபது வருஷம்.

இதோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் செருபாபேல் ராஜா ஆகவில்லை. அதற்குப் பிறகு சத்தமில்லாமல் காணாமல் போகிறார். தாவீதின் சிம்மாசனத்தில் தாவீதின் பிள்ளை உட்காரவே இல்லை. 'பிள்ளையில்லாதவன்' என்ற எரேமியாவின் வாக்குக்கு அவரே கொடுத்த விளக்கமும் அதுதான்: பிள்ளை பிறக்காது என்பதல்ல, சிம்மாசனத்தில் உட்கார மாட்டான் என்பது. ஆக எண்ணெய்க் கணக்கும் சரி, எரேமியாவும் சரி.

அப்போ தாவீதின் வாக்கு? ஏசாயா 55ல் ஒரு விடை இருக்கிறது. தாவீதுக்குச் சொன்ன நிலையான கிருபையை உங்கள் எல்லாரோடும் உடன்படிக்கையாகச் செய்வேன் என்று. 'உனக்கு' என்றது 'உங்களுக்கு' ஆகிறது. சிம்மாசனம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அந்த வாக்கு இனி மொத்த ஜனத்துக்கும் சொந்தம். அதே தொகுப்பில் கோரேசு என்ற அந்நிய ராஜாவையே கடவுள் அபிஷேகம் செய்தவன் என்று அழைத்திருப்பதையும் கவனிக்கணும். இன்னொரு விடை காத்திருப்பது. வரப்போகிற தாவீதின் மகனுக்காக. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச அட்டவணையில் நம்ம யோயாக்கீனும் 'எகொனியா' என்ற பேரில் இருக்கிறான். யூதர்களோ இன்னும் காத்திருக்கலாம் என்றார்கள். பாபிலோனில் பின்னாளில் யூதத் தலைவர்களாக இருந்தவர்கள் தங்களை யோயாக்கீன் வம்சம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியா

ஈராக்கில் கிடைத்த இன்னொரு பலகைத் தொகுப்பு 2014ல் வெளியானது. கி.மு. 572லிருந்து 477 வரையிலானவை. அதில் ஒரு ஊரின் பேரே 'யாஹூது', அதாவது யூதா. சிறைபிடித்துக் கொண்டுபோனவர்கள் பாபிலோன் பக்கத்துக் கிராமத்தில் தங்கள் ஊர்ப் பேரிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். நிலக் குத்தகை, கடன், வரி, பார்லி, பேரீச்சம்பழம்னு அன்றாடக் கணக்கு. எரேமியாவின் கடிதம் சொன்ன அதே வாழ்க்கை. பாபிலோனிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் 'யாஹு' என்று கடவுள் பேர் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோற்றுப்போனதாக உலகமே நினைத்த ஒரு கடவுளின் பேரை, பாபிலோன் வரி குமாஸ்தா கையாலேயே எழுதவைத்தவர்கள் இவர்கள்.

கடவுள் வாக்கைக் காப்பாற்றினாரா என்பதை களிமண் பலகை நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. வாக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அவர்களைத் தோற்கடித்த பாபிலோனும், மர்துக்கும், எசரத்தோனின் நூற்றுக்கணக்கான வரிச் சாபங்களும் இன்றைக்கு மியூசியத்தில். அனனியா மாதிரி இரண்டு வருஷக் கணக்குப் போட்டிருந்தால் மூன்றாம் வருஷமே எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள். ஒரு வாக்கு நாம் எதிர்பார்த்த நாளில் நிறைவேறாமல் போனால், பொய் என்று தூக்கிப்போடுவது ஒரு வழி. எதுவும் ஆகவில்லை என்று பாசாங்கு செய்வது இன்னொரு வழி. இவர்கள் இரண்டும் செய்யாமல், வாக்குக் கொடுத்தவரையே பிடித்து உலுக்கிக் கேட்டுக்கொண்டே, தோட்டமும் போட்டார்கள்.

அந்த எண்ணெய்க் குமாஸ்தாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டரை சிலா, ஐந்து பேர், அடுத்த ஆள் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். யாருடைய பிள்ளைகளுக்கு அளந்து ஊற்றினோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை.

பி.கு. 1: பெயர்களுக்கு எல்லாருக்கும் பழக்கமான தமிழ் வேதாகம உச்சரிப்பையே முடிந்தவரை பயன்படுத்தியிருக்கிறேன்.

பி.கு. 2: இருபத்து மூன்று வயசில் ஐந்து பிள்ளைகளா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: 2 இராஜாக்கள் 24ல் ராஜாவின் 'ஸ்திரீகள்' என்று பன்மையில்தான் இருக்கிறது :-)

பி.கு. 3: இந்த உடன்படிக்கைகளை வைத்து இன்றைய எல்லைத் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்வது இந்தப் பதிவின் வேலை இல்லை. எரேமியா கோவில் வாசலில் கேட்ட கேள்வி ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.